சுவர் ஏறும் பெண்ணும் சோற்றுத் தட்டும்

சுவர் ஏறிக் குதிக்கிறவன் என்று நம் பக்கத்தில் யாரைச் சொல்வார்கள்? திருடனைத்தான். ஒரு பெண்ணைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாலோ, அதைவிடப் பெரிய வசவு வேறு வேண்டியதில்லை. அதே சுவர் ஏறுகிற காரியத்துக்கு மண்டல வாரியாகப் போட்டி, அதில் தேறினால் தேசியப் போட்டி, அதற்கும் மேலே ஆசிய விளையாட்டு, ஒலிம்பிக் என்று வரிசையாக வைத்து, ஏறுகிற பெண்ணுக்கு மெடல் போட்டுக் கை தட்டுகிறார்கள். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ, கனகசெட்டிக்குளத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பெங்களூரில் இருக்கும் என் தங்கையின் மகள் இதில் இறங்கியதால்தான் எனக்கே தெரிய வந்தது.

விளையாட்டின் பெருமையைச் சொல்வதற்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை. வளர்கிற பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் தாய்மார்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. உங்கள் பெண் சுவர் ஏறினாலும் சரி, ஓட்டப் பந்தயம் ஓடினாலும் சரி, பரதநாட்டியம் ஆடினாலும் சரி, அது பொருந்தும். அதற்கு முன் விளையாட்டைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

இதற்கு ஸ்போர்ட் கிளைம்பிங் என்று பெயர். மலை ஏறுவது வேறு, இது வேறு. மைதானத்திலோ பெரிய கூடத்திலோ பலகைகளால் உயரமாகச் சுவர் எழுப்பி, அதில் வண்ண வண்ணமாகப் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். சில பிடி பூசணிக்காயைப் போல உருண்டையாக இருக்கும், கை வழுக்கும். சில பிடியில் விரல் நுனி மட்டும்தான் பதியும். சுவரும் நேராக நிற்காது. மேலே போகப் போக, ஏறுகிறவளின் தலைக்கு மேல் கூரை மாதிரி முன்னால் சாய்ந்துகொண்டு வரும்.

போட்டியில் மூன்று வகை உண்டு. முதலாவது வேகப் போட்டி. சுவரின் உயரம் 15 மீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மாடி. உலகம் முழுக்க ஒரே மாதிரிப் பிடிகள், ஒரே வரிசை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஏறுவார்கள். உச்சியை முதலில் தட்டுகிறவள் ஜெயித்தாள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் போலந்து நாட்டு அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 6.06 விநாடியில் ஏறி, அன்றைக்கு உலக சாதனை செய்து, தங்கமும் வாங்கினார். நாம் தீக்குச்சி கிழித்து அடுப்பைப் பற்ற வைக்கிற நேரம்!

இரண்டாவது லீட். இதில் ஆறு நிமிஷம் தருவார்கள். ஒரே ஒரு தடவைதான் ஏறலாம். இடுப்பு வாரில் கட்டிய கயிற்றை வழியிலுள்ள கொக்கிகளில் தானே மாட்டிக்கொண்டு போக வேண்டும். எந்தப் பிடி வரைக்கும் போனாளோ அதுதான் மார்க். மூன்றாவது போல்டரிங். உயரம் நாலு, நாலரை மீட்டர்தான். கயிறு கிடையாது, கீழே கனமான மெத்தை போட்டிருக்கும். கொடுத்த நேரத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் விழுந்து எழுந்து முயற்சி செய்யலாம். கைக்கும் காலுக்கும் மட்டுமில்லை, மூளைக்கும் வேலை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒன்று. லீட் இறுதிச் சுற்றின் பாதையை முன்கூட்டி யாருக்கும் காட்ட மாட்டார்கள். போட்டியாளர்களைத் தனி அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். எல்லாரையும் ஒன்றாக அழைத்து வந்து, சுவரடியில் நின்று ஆறு நிமிஷம் அண்ணாந்து பார்க்க விடுவார்கள். மறுபடி அறைக்குள் அனுப்பிவிடுவார்கள். தன் முறை வரும்போதுதான் வெளியே வரலாம். முன்னால் ஏறினவள் எங்கே தவறினாள் என்று பின்னால் வருகிறவளுக்குத் தெரியாது. காப்பியடிக்க வழியே இல்லாத பரீட்சை! ஆனால் அந்த ஆறு நிமிஷத்தில், போட்டி போடுகிற பெண்களே ஒருத்திக்கொருத்தி கையால் ஜாடை காட்டி, "இந்தப் பிடிக்கு இடது கைதான் தோது" என்று யோசனை சொல்லிக்கொள்வார்களாம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் போகையில் நோட்டை ஒளித்து வைத்துக்கொள்வதை நினைத்துக்கொண்டேன்.

செங்குத்தான இடத்தில் ஏறுவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. தளை மாட்டிக்கொண்டு பனை ஏறுகிறவர்களை எங்கள் பக்கத்தில் குழந்தைகூடப் பார்த்திருக்கும். புதுச்சேரியில் புஸ்ஸி வீதிக்குப் பெயர் தந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் 1750-ல் செஞ்சிக் கோட்டையை ராத்திரியோடு ராத்திரியாக ஏறிப் பிடித்த கதை சரித்திரத்தில் இருக்கிறது. ஆனால் ஏறுவதையே ஒரு பந்தயமாக ஆக்கியது பிற்பாடுதான். 1985-ல் இத்தாலியில் பார்டோனெக்கியா என்னும் ஊரில், நிஜப் பாறையிலேயே பெரிய போட்டி நடந்தது. பெண்களில் ஜெயித்தவர் பிரான்சைச் சேர்ந்த கத்ரின் டெஸ்டிவெல். பாறைகளைக் கெடுப்பானேன் என்று பிறகு போட்டிகள் செயற்கைச் சுவருக்கு வந்துவிட்டன. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டைச் சேர்த்தார்கள்.

நம் நாட்டில் இந்தப் போட்டிகளை நடத்துவது புதுடெல்லியிலுள்ள இந்தியன் மவுண்டனீயரிங் ஃபவுண்டேஷன். 1990-களில் ஆரம்பித்த வரிசை இது. நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தென் மண்டலத்தில் நாமும் அடக்கம். வயது வாரியாகப் பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவு. மண்டலத்தில் முன்னணியில் வருகிறவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். அங்கே பேர் வாங்கினால் இந்திய அணியில் இடம் கிடைக்கலாம். 2018-ல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டில் முதன்முறையாகச் சுவரேற்றம் வந்தபோது நம் நாட்டுப் பெண்களும் போனார்கள். 2023-ல் சீனாவின் ஹாங்சோவுக்கும் போனார்கள். ஒலிம்பிக்குக்கு 2024 வரை யாரும் தகுதி பெறவில்லை. அந்த இடம் ஏதோ ஒரு வீட்டுப் பெண்ணுக்காகக் காத்திருக்கிறது என்று என் தங்கை மகள் சொல்வாள். அந்த வீடு தன் வீடாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

முதன்முதலில் இதைக் கேட்டபோது என் மாமியார் முகவாய்க்கட்டையில் கை வைத்துக்கொண்டார். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்தக் கொரங்கு வேல? கை கால் ஒடிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார். பெரியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நான் நிதானமாகச் சொன்னேன்: "அத்தே, 1984-ல நம்ம பச்சேந்திரி பால் எவரெஸ்ட்டு மேலயே ஏறிட்டு வந்தாங்க. அதுக்கும் ஒம்போது வருஷம் முன்னாலயே ஜப்பான்காரங்க ஜுன்கோ தபெய், சின்னக் குழந்தைக்குத் தாயா இருந்தப்பவே ஏறினாங்க. இது என்ன, அஞ்சு மாடி."

இந்தோனேசியாவின் அரீஸ் சுசாந்தி ரஹாயு கதையையும் சொன்னேன். மத்திய ஜாவாவில் பிறந்த பெண். 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷமே 6.995 விநாடியில் ஏறி, ஏழு விநாடிக்குள் ஏறிய உலகத்தின் முதல் பெண் ஆனார். இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 2024 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய அமெரிக்கப் பெண் புரூக் ரபூட்டுவின் அம்மா ராபின் எர்ப்ஸ்ஃபீல்டும் சுவரேறும் வீராங்கனைதான். 1992 முதல் 1995 வரை நாலு வருஷம் தொடர்ந்து உலகக் கோப்பை வாங்கியவர். பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அம்மா ஏறிய சுவரில் பெண்ணும் ஏறியிருக்கிறாள்.

"சரி, ஏறட்டும். இறங்கி வந்து சோறு துன்னட்டும்" என்றார் மாமியார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் பின்னால் நடந்ததற்கு அந்த வார்த்தைதான் தலைப்பு.

அந்த வருஷம் மே மாத லீவுக்கு என் தங்கை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினாலு வயசு. சின்னப் பிள்ளையிலிருந்து எங்கள் வீட்டு நெத்திலி வறுவலுக்கு அடிமை. படகு வந்ததும் நானும் அவளுமாகப் போய் வாங்கி வருவோம். அந்த மே மாதம் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்ததுமே கையால் மறைத்தாள். "போதும் பெரியம்மா." வறுவலை ஓரமாக ஒதுக்கினாள். "எண்ணெய்." காலையில் ஒரு இட்லி. ராத்திரி வெள்ளரிக்காய். மெயின் ரோட்டு மருந்துக் கடையில் எடை பார்க்கிற மெஷின் இருக்கிறது. தினம் காலையில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய் ஏறி நின்றுவிட்டு வருவாள்.

நான் உடனே எதுவும் கேட்கவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தேன். தலை வாரிவிட்டால் சீப்பு நிறைய முடி வந்தது. மே மாத வெயிலில் கை சில்லென்று இருந்தது. பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த நாப்கின் பாக்கெட் பிரிக்காமலே அலமாரியில் இருந்தது. வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

ஒருநாள் ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "கண்ணு, நீ குளிச்சு எத்தினி மாசமாச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நாலு மாசம் பெரியம்மா" என்றாள். "போட்டி சமயத்துல தொல்லை இல்லியேன்னு நிம்மதியாத்தான் இருந்துச்சு. கூட ஏறுற அக்காங்களுக்கும் அப்பிடித்தானாம்."

"சாப்பாட்ட ஏண்டி கொறச்ச?"

"ஒடம்புதானே பெரியம்மா நாம தூக்கிட்டுப் போற மூட்டை? ஒரு கிலோ கொறஞ்சா இன்னும் ரெண்டு பிடி கூட ஏறலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க."

யார் சொன்னது என்று துருவிக் கேட்டேன். குறிப்பாக ஒருத்தர் இல்லை. பெண்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிற பேச்சு. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது பாருங்கள்! மூட்டை லேசாக இருந்தால் ஏறுவது சுலபம்தானே? அதில்தான் ஆபத்தே இருக்கிறது. பொய்யாக இருந்தால் பிள்ளைகள் நம்பாது. பாதி உண்மையாக இருப்பதால் முழுசாக நம்பிவிடுகிறது.

மறுநாளே தங்கைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, புதுச்சேரியில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனேன். தைராய்டு முதற்கொண்டு ரத்தம் பார்த்தார்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு. மற்றபடி வேறு வியாதி இல்லை. பிறகு டாக்டர் அவளை எதிரில் உட்கார வைத்து விளக்கினார். என்னைப் போன்ற வீட்டுக்காரிக்கும் அது நன்றாகப் புரிந்தது.

"உடம்பும் ஒரு குடித்தனம்தான். வரவு குறைந்தால் வீட்டுக்காரி என்ன செய்வாள்? அரிசி பருப்பை நிறுத்த மாட்டாள். வெள்ளையடிப்பதை நிறுத்துவாள், ஒழுகுகிற ஓட்டை மாற்றுவதைத் தள்ளிப் போடுவாள். உடம்பும் அதேதான் செய்யும். சாப்பாடு குறைவு, உழைப்பு அதிகம் என்றால், இருக்கிற சக்தியை இருதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்துவிட்டு மாதவிலக்கை நிறுத்திவிடும். எலும்புக்குப் பூச்சு வேலை செய்வதையும் நிறுத்திவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வீடு நிற்கிற மாதிரிதான் இருக்கும்."

எலும்பு கெட்டிப்படுவது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் என்றும் சொன்னார். இப்போது சேர்க்காததைப் பிற்பாடு முழுசாகச் சேர்க்க முடியாது. மாதவிலக்கு நின்று மூன்று மாதமானால், "விளையாட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம்" என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். விலக்கு தொல்லை இல்லை, அது உள்ளே எல்லாம் சரியாக நடக்கிறது என்று உடம்பு மாதாமாதம் போடுகிற கடிதாசி என்றார். இந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்.

டாக்டரின் தீர்ப்பு: எடை ஏறி, விலக்கு ஒழுங்காகும் வரை கடுமையான பயிற்சி கூடாது, போட்டியும் கூடாது. மண்டலப் போட்டிக்கோ சில வாரங்கள்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் எனக்கு வயசுப் பிரிவு மாறிடும் பெரியம்மா. என்னைவிடப் பெரிய அக்காங்களோட ஏறணும். என் சான்ஸே போச்சு!" என்றாள். அவள் சொன்னது நிஜம். போனில் தங்கையும் தயங்கினாள். "பணம் கட்டியாச்சுக்கா. ஒரு வருஷமா ராப்பகலா உழைச்சிருக்கா. இந்தப் போட்டி மட்டும் முடியட்டுமே, அப்புறம் பாத்துக்கலாமே?" பெற்றவள் மனசு. பிள்ளை அழுவதைப் பார்க்க யாருக்குத் தாங்கும்? இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் இவர்தான், சாதாரணமாக எதிலும் தலையிடாதவர், தங்கை வீட்டுக்காரரிடம் பேசினார். "மாப்ளே, சுவர் எங்கயும் ஓடிப்போயிடாது. அடுத்த வருஷமும் அங்கதான் நிக்கும்" என்றார். பேர் கொடுத்திருந்ததை வாபஸ் வாங்கினார்கள்.

இதற்குப் பிறகுதான் நான் தேடிப் படித்தேன். இது என் தங்கை மகளுக்கு மட்டும் வந்த கேடு இல்லை. உலகமெங்கும் இந்த விளையாட்டில் இந்தச் சங்கடம் இருக்கிறது. உலகப் போட்டிகளை நடத்துகிற சம்மேளனத்தின் மருத்துவக் குழுவிலிருந்த டாக்டர்கள் 2023-ல் ராஜினாமாவே செய்தார்கள். ஆபத்தான அளவுக்கு மெலிந்தவர்களைப் போட்டியில் ஏற விடுவதைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லை என்பது அவர்களுடைய குறை. ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட், டோக்கியோவிலும் பாரிசிலும் தங்கம் வாங்கியவர், அதே வருஷம் இதைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். 2024-லிருந்து, ஒவ்வொரு நாடும் தன் வீரர்களைப் பரிசோதித்து உடல்நலச் சான்று தர வேண்டும் என்று விதி வந்தது. உச்சியில் நிற்கிறவளே பட்டினி கூடாது என்று சொன்னதைப் படித்துக் காட்டியபோதுதான், என் தங்கை மகள் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். நாம் நூறு தடவை சொல்வதும் அவர்கள் ஒரு தடவை சொல்வதும் பிள்ளைகளுக்கு வேறுதான்!

அந்த லீவு முடிகிற வரைக்கும் என் வேலை ஒன்றுதான். காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது இரண்டு முட்டையோடு தோசை. பதினோரு மணிக்கு வேர்க்கடலை உருண்டை. மதியம் சோறு, பருப்பு, முருங்கைக் கீரை, நெத்திலிக் குழம்பு. நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கீரையோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பாட்டோடு டீ காபி கூடாது, அது இரும்பை விரட்டிவிடும். டாக்டர் கொடுத்த மாத்திரையும் உண்டு. மருந்துக் கடை மெஷினுக்குப் போவதை மட்டும் நிறுத்தினேன். மாதம் ஒருமுறை டாக்டர் பார்த்தால் போதும் என்றேன். ஊருக்குப் போன பிறகும் தங்கை அதே மாதிரி நடத்தினாள். மூன்றாம் மாதம் ஒருநாள் காலையில் தங்கை போன் பண்ணி, "அக்கா, கடிதாசி வந்துடுச்சு" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் மண்டலப் போட்டிக்கு நானும் கூடப் போனேன். ஐயோ, அந்தக் கூட்டத்தையும் சத்தத்தையும் என்னவென்று சொல்ல! குட்டைப் பாவாடை வயசிலிருந்து கல்யாண வயசு வரைக்கும் பெண்கள். கையில் வெள்ளைப் பொடி, அதாவது மெக்னீசியம் கார்பனேட், வியர்வை வழுக்காமல் இருக்க. மாவு பிசைகிற கை மாதிரி எல்லாருக்கும் வெள்ளைக் கை. அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது.

முதல் பெண் பாதி வழியில் பிடி தவறி விழுந்தபோது நான் எழுந்து நின்று கத்தியேவிட்டேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா, "உட்காருங்க, ஒண்ணும் ஆகாது" என்று கையைப் பிடித்து இழுத்தார். கீழே ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விழுந்த பெண் ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கினாள். உச்சிக்குப் போனவளைத் தவிர மற்ற எல்லாரும் விழத்தான் செய்கிறார்கள். இந்த விளையாட்டில் விழுவது அவமானமில்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாள் என்பதுதான் கணக்கு.

கயிறு பிடிக்கிறவரைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மேலிருந்து எடுக்கவே இல்லை. அவள் ஏற ஏறக் கயிற்றை விட்டுக்கொடுக்கிறார். இறுக்கிப் பிடித்தால் அவளால் கை நீட்ட முடியாது. அளவுக்கு மீறித் தளர்த்தினால் விழும்போது வெகுதூரம் விழுவாள். அவர் இழுத்துத் தூக்கிவிடவும் கூடாது, அப்படிச் செய்தால் அவள் ஆட்டம் செல்லாது. நான் யாருக்கும் உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் பெண் பிள்ளையை வளர்க்கிறவர்கள் ஒருநாள் போய் இந்தக் கயிறு பிடிக்கிறவரைப் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் பெண் முந்தைய வருஷத்தைவிட நாலு கிலோ அதிகம். பெரிய பிரிவு. இறுதிச் சுற்றுக்கு வந்தாள். கூரை மாதிரிச் சாய்ந்த இடத்தில் நிறைய நேரம் தொங்கினாள். ஒரு கையை உதறுவாள், பொடி தொடுவாள், மறு கையை உதறுவாள். முன்பெல்லாம் அங்கே வரும்போதே கை நடுங்கிப்போகுமாம். அதைத் தாண்டி இன்னும் நாலு பிடி போய் விழுந்தாள். ஏழாவது இடம். தேசியப் போட்டிக்குப் போகிற பட்டியலில் பேர் வரவில்லை. முகம் சின்னதாகிவிட்டது. ஆனால் இறங்கி வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "பெரியம்மா, சாப்பிட என்ன கொண்டாந்தீங்க?" புளிசாதமும் அவித்த முட்டையும் கொண்டுபோயிருந்தேன். பக்கத்து ஊர்ப் பெண்கள் நாலைந்து பேருமாக உட்கார்ந்து டப்பாவைக் காலி பண்ணினார்கள். போட்டியில் ஜெயித்த பெண்ணும் அதில் ஒருத்தி.

உங்கள் வீட்டிலும் இந்த ஆசை உள்ள பெண் இருந்தால், நான் கண்டும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பூப்படைகிற பருவத்தில், பத்து பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வரை, விரல் எலும்பின் நுனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். விரல் நுனியில் தொங்குகிற கடுமையான தனிப் பயிற்சி அப்போது கூடாது. நடு விரலின் நடு மூட்டில் மேல் பக்கமாக வலி, வீக்கம் என்றால், நெட்டி எடுப்பதோ தைலம் தேய்ப்பதோ வேண்டாம். ஏறுவதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். கவனிக்காமல் விட்டால் விரல் கோணலாக வளர்ந்துவிடக்கூடும்.

ஏறப் போகும்போது மோதிரம், வளையல், சங்கிலி, தொங்கட்டான் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். மோதிரம் பிடியில் மாட்டினால் விரலுக்கே ஆபத்து. பின்னலைத் தொங்க விடாமல் கொண்டையாகக் கட்டிவிடுங்கள். சுவர் ஏறும் ஷூவைக் காலை நெரிக்கிற மாதிரி வாங்குவது பெரியவர்கள் வழக்கம். வளர்கிற காலுக்கு அது வேண்டாம். வந்ததும் கைப்பொடியை நன்றாகக் கழுவி, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவினால் தோல் வெடிக்காது.

உங்கள் பெண் குள்ளம் என்று யாராவது சொன்னால் கவலை வேண்டாம். ஜப்பானின் ஐ மோரி 154 சென்டிமீட்டர்தான். 2024 ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஒரு போல்டரிங் பாதையில் ஆரம்பப் பிடியே கைக்கு எட்டவில்லை, அதில் பூஜ்யம். ஆனால் லீடில் எல்லாரையும்விட அதிக மார்க் வாங்கி, மொத்தத்தில் நாலாவதாக வந்தார்.

பக்கத்தில் சுவர் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். நமக்குப் பக்கத்தில் விழுப்புரம் மல்லர் கம்பத்துக்குப் பேர் போனது. பெண்கள் கயிற்றில் ஏறிச் செய்கிற வித்தைகளும் அதில் உண்டு. ஏறுவதற்கு வேண்டிய பிடியும் பலமும் அதிலேயே வரும். எங்கே சேர்த்தாலும், கயிறு, இடுப்பு வார், மெத்தை எல்லாம் எப்போது பரிசோதித்தார்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்கிற அம்மாவை நல்ல பயிற்சியாளர் மதிப்பார்.

கடைசியாக, பெண்ணின் உடம்பைப் பற்றி வீட்டில் பேசுகிற பேச்சு. "என்னடி குண்டாயிட்டே" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்வதை நாம் தமாஷாக எடுத்துக்கொள்கிறோம். பிள்ளை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை கிலோ என்று கேட்பதை விட்டுவிட்டு, நன்றாகத் தூங்கினாயா, பசிக்கிறதா, மாதா மாதம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேளுங்கள்.

என் தங்கை மகள் இப்போது அடுத்த மண்டலப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். தேசியப் போட்டிக்குப் போவாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது. போனால் சந்தோஷம். போகாவிட்டாலும் நாற்பது வயதில் அவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது எலும்பு உறுதியாக இருக்கும். லீவுக்கு வருகிறேன் என்று போன வாரம் போன் பண்ணினாள். நெத்திலி இப்போது என்ன விலை என்று விசாரித்தாள். எத்தனை விலை விற்றாலும் ஒரு கூடை வாங்கி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.